அப்பாவுக்கு அக்கி: அசைக்ளோவிர் ஐந்து வேளையும் கொடுக்கத்தான் வேண்டுமா?

ஈரோடு_செல்வி

வணக்கம். அப்பாவுக்கு வயது 68, சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. போன வாரக் கடைசியிலிருந்தே வலது விலாவில் எரிகிறது, வாயு பிடித்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். நேற்றுக் காலையில் சட்டையைக் கழற்றினால் முதுகிலிருந்து மார்பு வரை ஒரே பக்கமாகப் பட்டை போட்டதுபோல் சிவந்து நீர்க்கொப்புளம். தோல் டாக்டர் பார்த்தவுடனே அக்கி என்றார். அசைக்ளோவிர் 800 மி.கி., ஒரு நாளைக்கு ஐந்து மாத்திரை, ஏழு நாள் எழுதியிருக்கிறார்.

வீட்டில் இப்போது பெரிய பஞ்சாயத்து. இவ்வளவு மாத்திரை போட்டால் கிட்னி போய்விடும், காவி எழுதினால் போதும் என்கிறார் அத்தை. அப்பாவும் இரண்டு வேளை போட்டால் போதாதா என்று கேட்கிறார். இந்த மருந்து உள்ளே போய் என்னதான் செய்கிறது, வைரஸைக் கொல்லுமா, ஏன் ஐந்து வேளை? இன்னொன்று, தங்கை மூன்று மாதக் கர்ப்பம், அப்பாவைப் பார்க்க வருகிறேன் என்கிறாள். வரலாமா?

மருந்துக்கடை_அண்ணாச்சி

தங்கச்சி, முதலில் மாத்திரையை ஆரம்பித்துவிடுங்கள், பஞ்சாயத்தை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். கொப்புளம் தெரிந்த 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் நல்ல பலன். அதைத் தாண்டினாலும் புதுக்கொப்புளம் கிளம்பிக்கொண்டிருந்தால் டாக்டர்கள் கொடுப்பார்கள், ஆனால் முதல் மூன்று நாளுக்கு ஈடாகாது.

ஐந்து வேளை என்றதும் ராத்திரி அலாரம் வைத்து எழுப்ப வேண்டாம். காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10 என்று முழித்திருக்கும் நேரத்தில் நாலு மணி நேரத்துக்கு ஒன்று. சாப்பாட்டுக்கு முன் பின் என்ற கணக்கு இல்லை. தண்ணீர் மட்டும் தாராளமாகக் குடிக்கச் சொல்லுங்கள், இதய டாக்டர் யாராவது தண்ணீரை அளவாகக் குடிக்கச் சொல்லியிருந்தால் அதைக் கேட்டுக்கொண்டு. கடையில் நான் பார்ப்பது, நாலாவது நாள் கொப்புளம் வாடியதும் மீதி அட்டையைத் திருப்பிக் கொடுக்க வருவார்கள். அதைச் செய்யாதீர்கள்.

வலிக்கிறது என்று டைக்ளோஃபெனாக் மாதிரி மாத்திரையை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். கிட்னியை நினைத்துப் பயப்படுகிறவர்கள் அசைக்ளோவிரைவிட அதற்குத்தான் முதலில் பயப்பட வேண்டும், இரண்டும் சேர்ந்தால் இன்னும் மோசம். அப்பாவுக்குச் சர்க்கரை இருப்பதால் கடைசியாக எடுத்த கிரியாட்டினின் அளவை, அதாவது கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனையை, டாக்டரிடம் காட்டினீர்களா? அது கூடுதலாக இருந்தால் மருந்தின் அளவையே குறைக்க வேண்டும். அப்புறம் இதே பெயரில் களிம்பு கேட்டு வருவார்கள், அக்கிக்கு அந்தக் களிம்பால் பிரயோசனம் இல்லை.

வைரஸ்_வாத்தியார்

கல்லூரியில் நுண்ணுயிரியல் நடத்தி ஓய்வு பெற்றவன், டாக்டர் இல்லை. மருந்தளவு பற்றிப் பேசமாட்டேன். அது என்ன செய்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

செல்வி, அசைக்ளோவிர் வைரஸைக் கொல்லாது. அநேகமாக எந்த ஆன்டிவைரல் மருந்துமே அந்த அர்த்தத்தில் கொல்வதில்லை. பாக்டீரியாவுக்குச் சொந்தமாகச் சுவர் உண்டு, சொந்தமாகப் புரதம் செய்யும் ஏற்பாடு உண்டு, ஆன்டிபயாடிக் போய் அதை உடைக்கிறது. வைரஸுக்கு அப்படி ஒன்றுமில்லை, நம் செல்லுக்குள் புகுந்து நம் செல்லின் சாமான்களை வைத்தே தன்னை நகல் எடுத்துக்கொள்கிறது, அதனால் அதை அடிக்கப் போனால் நம் செல்லும் சேர்ந்து அடிபடும். இதனால்தான் 1970 வரைக்கும் வைரஸுக்கு மருந்து கண்டுபிடிப்பது கிட்டத்தட்ட முடியாத காரியம் என்று பலரும் ஒதுங்கியிருந்தார்கள். அப்போது வந்த ஒன்றிரண்டு மருந்துகள் வைரஸோடு சேர்த்து ஆளையும் வாட்டின.

அசைக்ளோவிர் வித்தியாசமானது. இது டிஎன்ஏவின் நான்கு எழுத்துகளில் ஒன்றான குவானினைப் போல வேஷம் போட்ட பொருள். ஆனால் விழுங்கியபோது அது செயலற்ற நிலையில் இருக்கிறது. அதோடு மூன்று பாஸ்பேட் ஒட்டினால்தான் வேலை செய்யும், அதில் முதல் பாஸ்பேட்டை ஒட்டுவது நம் செல் அல்ல, அக்கி வைரஸும் சேர்ந்த ஹெர்பிஸ் குடும்ப வைரஸ்கள் தம்மோடு வைத்திருக்கும் தைமிடின் கைனேஸ் என்ற நொதி. அதாவது வைரஸ் புகுந்த செல்லில் மட்டும் வைரஸே இந்த மருந்தை எழுப்பிவிடுகிறது, புகாத செல்லில் மருந்து சும்மா வந்துவிட்டுச் சிறுநீரில் போய்விடுகிறது. எழுந்த மருந்து வைரஸ் கட்டிக்கொண்டிருக்கும் டிஎன்ஏ சங்கிலியில் குவானின் இடத்தில் போய் உட்காரும். அடுத்த எழுத்து பிடித்துக்கொள்ள வேண்டிய இடம் அதில் கிடையாது. பின்பக்கம் கொக்கி இல்லாத ரயில் பெட்டியை நடுவில் கோத்தால் எப்படியோ அப்படி, அதற்குப் பின்னால் ஒன்றும் சேராது, சங்கிலி அங்கேயே நின்றுவிடும்.

இதைச் செய்தவர்கள் அமெரிக்காவின் பரோஸ் வெல்கம் ஆய்வகத்தில் ஜெர்ட்ரூட் எலியனின் குழுவினர். முனைவர் பட்டம் இல்லாமலே ஆராய்ச்சி செய்தவர், 1988இல் நோபல் பரிசு வாங்கினார். என்னைக் கேட்டால் இருபதாம் நூற்றாண்டு மருந்துகளில் அழகானது எது என்பதற்கு இதுதான் பதில்.

ஏன் ஐந்து வேளை? விழுங்கினால் ஐந்தில் ஒரு பங்குகூட ரத்தத்தில் சேருவது சிரமம். சேர்ந்ததும் சுமார் 3 மணி நேரத்தில் பாதியாகிவிடும். அதற்கு மேல் அக்கி வைரஸ் இந்த மருந்துக்குச் சுலபமாக அடங்காது, உதட்டுப் புண் தரும் ஹெர்பிஸுக்குப் போதுமான 200, 400 மி.கி. இதற்குப் போதாது, அதனால்தான் 800. அப்பா இரண்டு வேளை போட்டால் நடுவில் பல மணி நேரம் ரத்தத்தில் மருந்தே இருக்காது, வைரஸ் அந்த நேரத்தில் நிம்மதியாக நகலெடுக்கும். வேலசைக்ளோவிர் என்று ஒன்று உண்டு, அதே மருந்துதான், வேலின் என்ற அமினோ அமிலத்தை ஒட்டியிருப்பதால் குடல் பாதிக்கும் மேல் உறிஞ்சும், 1000 மி.கி. மூன்று வேளை போதும். ஐந்து வேளை அப்பாவுக்கு முடியாது என்றால் டாக்டரிடம் அதைக் கேட்டுப் பார்க்கலாம்.

கரிசல்காட்டான்

வாத்தியார் நன்றாகத்தான் சொல்கிறார். ஆனால் எங்கள் ஊர்ப் பக்கம் குயவர் வீட்டுக்குப் போய்க் காவி கரைத்து அக்கி எழுதி எத்தனையோ பேருக்கு வற்றியிருக்கிறது. சிங்கம் எழுதுவார்கள், கொப்புளம் அதைத் தாண்டிப் போகாது. ஒரு பைசா செலவில்லை, பக்க விளைவில்லை. எங்கள் பாட்டிக்குச் சரியானதை நானே பார்த்தேன், அதை என்ன சொல்வீர்கள்?

வைரஸ்_வாத்தியார்

சரியானது உண்மைதான், நான் மறுக்கவில்லை. அக்கி தானாகவே இரண்டிலிருந்து நாலு வாரத்தில் வற்றிவிடும். நடுவில் எதைப் பூசினாலும் பூசியதற்குப் பெயர் கிடைக்கும். தாண்டிப் போகாததற்கும் காரணம் உண்டு. சின்ன வயதில் அம்மை (சின்னம்மை, சிக்கன்பாக்ஸ்) போட்டபோது வந்த அதே வைரஸ்தான் தண்டுவடத்தை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் ஐம்பது அறுபது வருஷம் தூங்கிக் கிடந்து, வயதோ சர்க்கரையோ உடம்பின் காவலைத் தளர்த்தும்போது எழுகிறது. ஒரு முடிச்சில் எழுந்தது அந்த முடிச்சின் நரம்பு போகும் தோலில்தான் வரும், அதனால் ஒரே பக்கம், ஒரே பட்டை. சிங்கம் எழுதாவிட்டாலும் பெரும்பாலும் அதற்குள்தான் நிற்கும்.

மாத்திரை கொடுப்பது கொப்புளம் வற்றுவதற்காக மட்டும் இல்லை. வைரஸ் நகலெடுக்கும் ஒவ்வொரு நாளும் அந்த நரம்பு சேதமாகிறது. கொப்புளம் போன பிறகும் மாதக்கணக்கில் சட்டை பட்டாலே தீப்பட்டதுபோல் வலிக்கிறதே, அது அந்தச் சேதத்தின் மிச்சம், அறுபதைத் தாண்டியவர்களுக்கு அதிகம். மருந்து அதை முழுக்கத் தடுத்துவிடும் என்று சொல்லமாட்டேன், ஆராய்ச்சி முடிவுகளே இதில் ஒத்துப்போகவில்லை. ஆனால் ஆரம்ப வலியும் கொப்புளத்தின் நாட்களும் குறைவது தெளிவு. நெற்றியிலோ மூக்கு நுனியிலோ அக்கி வந்தால் கதையே வேறு, கண்ணுக்குப் போகிற நரம்பு அதே வழிதான், அன்றைக்கே கண் டாக்டர் பார்க்க வேண்டும். உடைந்த கொப்புளத்தில் மண் பட்டால் சீழ் வைக்கும், அதுவும் சர்க்கரைக்காரருக்கு. அத்தை மனது கோணாமல் இருக்க வேண்டுமென்றால் கொப்புளம் இல்லாத இடத்தில் எழுதிக்கொள்ளட்டும்.

தங்கை விஷயம்: அக்கி அக்கியாகப் பரவாது. ஆனால் கொப்புள நீர் பட்டால், இதுவரை அம்மை வராத, தடுப்பூசியும் போடாத ஒருவருக்கு அம்மை வரலாம். கர்ப்பத்தில் அது ஆபத்து. தங்கைக்குச் சின்ன வயதில் அம்மை வந்ததா என்று அம்மாவிடம் கேளுங்கள். தெரியாது என்றால் எல்லாம் காய்ந்து பொருக்கு தட்டும் வரை வராமல் இருப்பது நல்லது.

ஜெனி_டயாலிசிஸ்

செவிலியராக இருக்கிறேன், கிட்னி பிரிவில்தான் வேலை. கிட்னியைப் பற்றி அத்தை பயப்படுவதில் பாதி சரி. இந்த மருந்து கிட்னி வழியாகத்தான் வெளியேறுகிறது. நரம்பில் வேகமாக ஏற்றினாலோ உடம்பில் தண்ணீர் வற்றியிருந்தாலோ கிட்னிக் குழாய்களில் படிகமாகப் படியும். மாத்திரையில் அது குறைவு, அதனால்தான் தண்ணீர் குடிக்கச் சொல்வது. சாதாரணமாக வருவது குமட்டல், தலைவலி, கொஞ்சம் வயிற்றுப்போக்கு, அவ்வளவுதான்.

ஆனால் ஏற்கெனவே கிட்னி பழுதானவர்களுக்கு அளவைக் குறைக்காமல் கொடுத்தால் மருந்து உடம்பில் தேங்கி மூளையைப் போய்த் தொடும். எங்களிடம் வாரம் மூன்று முறை வரும் ஒரு பெரியம்மாவுக்கு வெளியில் எங்கோ அக்கிக்கு வேலசைக்ளோவிர் முழு அளவில் கொடுத்துவிட்டார்கள், டயாலிசிஸ் நோயாளி என்று யாரும் கேட்கவில்லை. இரண்டு நாளில் சுவரில் ஆள் நிற்கிறது என்று பேச ஆரம்பித்தார், கை உதறல், நடை தள்ளாடியது. வீட்டில் பேய் பிடித்தது என்றே நினைத்துவிட்டார்கள். மருந்தை நிறுத்தி டயாலிசிஸ் செய்ததும் தெளிந்துவிட்டார். வயதானவர் இந்த மாத்திரை போடும்போது திடீரென்று குழப்பமாகப் பேசினால் வயசாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள்.

சந்தேகம்_சரவணன்

அப்படியானால் எனக்கு ஒன்று புரியவில்லை. வைரஸுக்கு மருந்து இருக்கிறதென்றால் ஒவ்வொரு காய்ச்சலுக்கும் ஏன் கொடுப்பதில்லை? என் பையனுக்குக் காய்ச்சல் வந்தால் வைரல் என்று சொல்லிவிட்டு அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கை எழுதுகிறார்கள். டெங்குவுக்கு ஏன் இல்லை? 2021இல் கோவிடுக்குக் கொடுத்த ரெம்டெசிவிருக்காகச் சென்னை கீழ்ப்பாக்கத்தில் ராத்திரி பகலாக ஜனம் வரிசையில் நின்றதே, அது வேலை செய்ததா இல்லையா?

வைரஸ்_வாத்தியார்

மூன்று கேள்விக்கும் அடி ஒன்றுதான். ஒவ்வொரு மருந்தும் குறிப்பிட்ட வைரஸின் குறிப்பிட்ட ஒரு பாகத்தைப் பிடிக்கிறது. அசைக்ளோவிரை எழுப்பும் நொதி டெங்கு வைரஸிடம் இல்லை, ஃப்ளூ வைரஸிடமும் இல்லை. டெங்குவுக்கென்று இன்றுவரை ஒரு ஆன்டிவைரல் புழக்கத்துக்கு வரவில்லை, பாரசிட்டமால், நீராகாரம், ரத்தத் தட்டணு, ரத்தம் எவ்வளவு கெட்டியாகிறது என்று காட்டும் ஹீமட்டோகிரிட், இரண்டின் கவனிப்பு, இதுதான் சிகிச்சை. சாதாரண சளிக்கும் இல்லை. வைரல் என்று சொல்லிக்கொண்டே அசித்ரோமைசின் எழுதுவதற்கு என்னிடம் பதில் இல்லை, எழுதியவரைத்தான் கேட்க வேண்டும்.

ஃப்ளூவுக்கு ஓசெல்டாமிவிர் உண்டு, டாமிஃப்ளூ என்று எல்லாருக்கும் தெரியும். அது நகலெடுப்பதைத் தடுப்பதில்லை. செய்து முடித்த வைரஸ்கள் செல்லின் மேல் தோலை விட்டுப் பிரிய நியூராமினிடேஸ் என்ற நொதி வேண்டும், அதை அடைத்துவிடுகிறது, வைரஸ்கள் பிறந்த செல்லிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். 75 மி.கி. இரண்டு வேளை ஐந்து நாள், 48 மணி நேரத்துக்குள். நல்ல உடம்புக்காரருக்குக் காய்ச்சல் ஒரு நாள் முன்னதாக விடும், அவ்வளவுதான் லாபம், பதிலுக்குக் குமட்டலும் வாந்தியும் வரலாம். கர்ப்பிணிகள், ஆஸ்துமாக்காரர்கள், முதியவர்கள், ஆஸ்பத்திரியில் சேரும் அளவுக்கு மோசமானவர்கள், இவர்களுக்குத்தான் அது முக்கியம். இடையில் ஒன்று, இதைத் தயாரிக்கும் ஷிகிமிக் அமிலம் பிரியாணிக்குப் போடும் அன்னாசிப்பூவிலிருந்து வந்தது. உடனே அன்னாசிப்பூக் கஷாயம் என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம், அந்த அமிலத்திலிருந்து மருந்துக்குப் போக ஆய்வகத்தில் நீண்ட வழி இருக்கிறது.

ரெம்டெசிவிர்: நேரம்தான் அங்கே பிரச்சினை. கோவிடில் முதல் வாரம் வைரஸ் பெருகுகிறது, அதற்கப்புறம் மூச்சுத் திணறுவது பெரும்பாலும் நம் உடம்பின் அழற்சியால். ஆக்ஸிஜன் இறங்கிப் பத்தாவது நாள் ஆஸ்பத்திரியில் கிடப்பவருக்கு நகலெடுப்பதை நிறுத்தும் மருந்தைக் கொடுத்து என்ன ஆகும்? உலக சுகாதார நிறுவனம் நடத்திய பெரிய ஆய்வில் இறப்பைக் குறிப்பிடத்தக்க அளவில் குறைக்கவில்லை என்று 2020 கடைசியிலேயே வந்துவிட்டது, 2021 மே மாதம் ஜனங்கள் வரிசையில் நின்றபோது அந்தச் செய்திக்கு அரை வயது. அதே மருந்தை நோய் முற்றாதபோது, ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்கு மூன்று நாள் ஏற்றிய இன்னொரு ஆய்வில் ஆஸ்பத்திரி சேர்க்கை 87 சதவீதம் குறைந்தது. மாறியது கொடுத்த நாள்தான். அந்த மே மாதத்தில் நகையை அடகு வைத்துக் கள்ளச்சந்தையில் வாங்கியவர்களை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது, பாதிப் பேருக்கு அழற்சியை அடக்கும் பத்து ரூபாய் டெக்ஸாமெதசோன்தான் உதவியிருக்கும்.

பெயர்_வேண்டாம்

எனக்கு ஹெபடைட்டிஸ் பி, கல்லீரலைத் தாக்கும் வைரஸ். அதற்கு டெனோஃபோவிர் மாத்திரை தினம் ஒன்று, பல வருஷமாக. அக்கிக்கு ஏழு நாள், எனக்கு மட்டும் ஏன் ஆயுள் முழுக்க? ரத்தத்தில் வைரஸ் இல்லை என்று ரிப்போர்ட் வந்துவிட்டது, நிறுத்திவிட்டுக் கீழாநெல்லி சாப்பிடு என்கிறார் மாமா, சென்னையில் ஆராய்ச்சி செய்து நிரூபித்துவிட்டார்களாம்.

வைரஸ்_வாத்தியார்

தயவுசெய்து நீங்களாக நிறுத்தாதீர்கள். மாமா சொல்லும் ஆராய்ச்சி நடந்தது உண்மை. சென்னையில் பேராசிரியர் எஸ். பி. தியாகராஜன் குழு, ஹெபடைட்டிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்து நோபல் வாங்கிய ப்ளம்பெர்கையும் சேர்த்துக்கொண்டு 1988இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள், கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு வைரஸின் அடையாளம் மறைந்தது என்று. உலகமே திரும்பிப் பார்த்தது. அப்புறம் மற்ற இடங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் வரவில்லை. மாமாவுக்கு முதல் பாதி மட்டும் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

ஆயுள் முழுக்க என்பதற்குக் காரணம் இதுதான்: மருந்து நகலெடுக்கும் வைரஸை மட்டும் தடுக்கும், பதுங்கியிருப்பதைத் தொடாது. ஹெபடைட்டிஸ் பி வைரஸ் கல்லீரல் செல்லின் கருவுக்குள் தன் டிஎன்ஏவை வளையமாகச் சுருட்டி வைத்துவிடுகிறது. டெனோஃபோவிர் அந்த வளையத்தை ஒன்றும் செய்யாது. நிறுத்தினால் அங்கிருந்து மறுபடி கிளம்பும், சில பேருக்குக் கல்லீரல் ஒரேயடியாகச் செயலிழக்கும் அளவுக்கு. சிலருக்கு டாக்டரே கண்காணிப்பில் நிறுத்திப் பார்ப்பதுண்டு, அது வேறு. டெனோஃபோவிர் சில பேருக்குக் கிட்னியையும் எலும்பையும் பாதிக்கும் என்பதால் கிரியாட்டினின் மட்டும் ஒழுங்காகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பொறாமைப்பட வேண்டுமென்றால் ஹெபடைட்டிஸ் சி காரர்களைப் பாருங்கள். அந்த வைரஸுக்குப் பதுங்க இடமில்லை, அதனிடம் இருப்பது ஆர்என்ஏ மட்டும்தான், கருவுக்குள் டிஎன்ஏ வளையம் எதையும் வைப்பதில்லை. நகலெடுப்பதை 12 வாரம் நிறுத்தினால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்குச் சுத்தமாகப் போய்விடும். அதற்கான சோஃபோஸ்புவிர் என்ற மருந்து 2013இல் அமெரிக்காவில் வந்தபோது ஒரு மாத்திரை 1000 டாலர், முழுச் சிகிச்சைக்கு 84,000 டாலர். இந்தியக் கம்பெனிகளுக்கு உரிமம் கிடைத்ததும் விலை தரைக்கு வந்தது. 2018இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் அரசு ஆஸ்பத்திரிகளில் பி, சி இரண்டுக்கும் மருந்து இலவசம், நீங்கள் காசு கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தால் விசாரியுங்கள்.

தாம்பரம்_தோழி

எச்.ஐ.வி. ஆலோசகராக இருந்தவள், ஒரு வார்த்தை சேர்க்கிறேன். 1986இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் நாட்டிலேயே முதல் முறையாக எச்.ஐ.வி.யைக் கண்டறிந்தபோது கொடுக்க ஒரு மாத்திரைகூட இல்லை. 2004 ஏப்ரலில் அரசு இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தபோதும் பக்க விளைவுகள் கடுமை. சிடோவுடினால் ரத்தசோகை, நெவிரபினால் உடம்பெல்லாம் தடிப்பு, ஸ்டாவுடினால் கன்னம் ஒட்டிப்போய் முகத்தைப் பார்த்தே ஊர் கண்டுபிடித்துவிடும், எஃபாவிரென்ஸ் போட்டவர்கள் ராத்திரி பயங்கரக் கனவு என்று அழுவார்கள். இப்போது டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் ஒரே மாத்திரையில், தினம் ஒன்று. எடை கூடுகிறது, சிலருக்குத் தூக்கம் வருவதில்லை என்பார்கள், பழைய கஷ்டத்தோடு ஒப்பிட முடியாது.

மூன்று மருந்து எதற்கு என்றால், இந்த வைரஸ் நகலெடுக்கும்போது நிறையத் தப்புச் செய்யும், அந்தத் தப்புகளில் ஒன்று ஒரு மருந்திலிருந்து தப்பிக்க வழி கொடுத்துவிடும். மூன்றிலிருந்தும் ஒரே நேரத்தில் தப்புவது அரிது. விட்டு விட்டுச் சாப்பிட்டால் அந்த வழியை நாமே திறந்துவிடுகிறோம். டோலுடெக்ராவிர் போடுகிறவர்கள் இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம், ஜெலுசில் மாதிரி ஆன்டாசிட் எதையும் டாக்டரிடம் சொல்லாமல் அதே நேரத்தில் போடாதீர்கள், மருந்து உடம்பில் ஏறாது. ஊசி குத்திவிட்டது, வேறு ஏதாவது நடந்துவிட்டது என்றால் 72 மணி நேரத்துக்குள், முடிந்தால் சில மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுங்கள், எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்க 28 நாள் மருந்து இருக்கிறது. எத்தனை பேர் வெட்கப்பட்டுக்கொண்டு ஐந்தாவது நாள் வருகிறார்கள் தெரியுமா.

ஈரோடு_செல்வி

எல்லாருக்கும் நன்றி. அப்பாவிடம் வாத்தியார் எழுதியதைப் படித்துக் காட்டினேன், ஐந்து வேளையும் போடுகிறார். கிரியாட்டினின் 1.1, டாக்டரிடம் போனில் சொன்னேன், இதே அளவைத் தொடரச் சொல்லிவிட்டார். தங்கைக்குப் பள்ளியில் படிக்கும்போதே அம்மை வந்துவிட்டது என்று அம்மா சொல்கிறார், இருந்தாலும் காய்ந்த பிறகு வா என்று சொல்லிவிட்டேன். வலிதான் தாங்க முடியவில்லை, ராத்திரிக்குப் பிரீகாபலின் 75 எழுதியிருக்கிறார். அம்மாவுக்கு 64, அவருக்கும் வராமல் இருக்க ஏதாவது ஊசி உண்டா?

மருந்துக்கடை_அண்ணாச்சி

உண்டு. ஷிங்ரிக்ஸ் என்ற அக்கித் தடுப்பூசி 2023இல் இந்தியாவுக்கு வந்தது. 50 வயதுக்கு மேல் இரண்டு தவணை, இரண்டிலிருந்து ஆறு மாத இடைவெளியில். விலையைக் கேட்டால் அம்மா வேண்டாம் என்பார், அவ்வளவு அதிகம். போட்டால் ஓரிரு நாள் கை வலி, காய்ச்சல் இருக்கும். அப்பாவுக்கும் போடலாம், ஆனால் இப்போது வேண்டாம், இது முழுக்க ஆறட்டும், எப்போது என்று டாக்டர் சொல்வார்.

பிரீகாபலின் வைரஸ் மருந்து இல்லை, நரம்பு வலிக்கானது. முதல் சில நாள் தலை சுற்றும், தூக்கம் அசத்தும். அப்பா ராத்திரி பாத்ரூம் போக எழுந்தால் யாராவது கூடப் போங்கள், வழியில் லைட்டைப் போட்டே வையுங்கள்.